ஆல்ட்டார்ஃப் கோபுரமும் ஷில்லரின் கல்தச்சனும்

சுவிட்சர்லாந்து நாட்டின் நடுப்பகுதியில் ஊரி என்றொரு மாநிலம் உண்டு. ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த அம்மாநிலத்தின் தலைநகர் ஆல்ட்டார்ஃப். தலைநகர் என்றதும் பேரூரை நினைத்துவிடலாகாது. காலாற நடந்தே சுற்றிப் பார்த்துவிடக்கூடிய சிறிய ஊர். 'பழைய ஊர்' என்பது அப்பெயரின் பொருள். தமிழ்நாட்டில் அமைந்திருந்தால் பழையனூர் என்று வழங்கியிருக்கும். வடக்கே மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஏரி. தெற்கே ராய்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே மேலேறிச் சென்றால் கோட்ஹார்ட் கணவாய். அதற்கப்பால் இத்தாலிய மொழி பேசும் நிலம். இருபுறமும் மலைகள் செங்குத்தாக எழுகின்றன. வடக்கு ஐரோப்பாவிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் வணிகர் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் இவ்வழியே போய்வந்தனர் என்பதே இச்சிறு நிலத்தின் மீது பேரரசர்கள் கண்வைத்ததற்குக் காரணம்.

ஊரின் நடுவே, ஊர்மன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், பழங்காலக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கோபுரம் என்று எழுதும்போது தமிழர் மனத்தில் எழும் உருவம் வேறு. அங்கே நிலைகளும் சுதைப் பாவைகளும் கலசங்களும் இல்லை. கல்லால் எழுப்பிய சதுர மனை அது. 'சின்னக் கோபுரம்' என்றே ஊரார் செல்லமாக அழைக்கின்றனர். அதன் அடிக்கட்டுப் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிலவுடைமையாளரும் அவர்தம் காரியக்காரரும் பாதுகாப்பாக வாழ்வதற்கென இத்தகைய கல் மாடங்களை அந்நாளில் கட்டினர். ஆல்ட்டார்ஃபுக்கு அருகில் உள்ள பியூர்க்லன் என்னும் சிற்றூரிலும் அவ்வகை மாடங்கள் இருக்கின்றன. 1799ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயில் ஆல்ட்டார்ஃபின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. ஆகவே அச்சதுக்கத்தில் நடுக்காலத்தை நேரிற் கண்ட சாட்சி என்று சொல்லத் தக்கவை இக்கோபுரத்தின் கற்களே.

ஆயினும் இக்கோபுரத்தைக் காண வருவோர் கோபுரத்தைக் காண்பதில்லை. அதன் முன்னே ஓர் உயர்ந்த பீடம், பீடத்தின்மேல் வெண்கலத்தில் வார்த்த ஒரு மலைநாட்டான், தோளில் குறுக்குவில், அருகில் அவன் மகன். ரிச்சர்டு கிஸ்லிங் என்னும் சிற்பி வடித்த இச்சிலை 1895ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. சிலைக்குப் பின்னே கோபுரச் சுவரில் ஒரு மலைக்காட்சி தீட்டப்பட்டுள்ளது. தந்தையும் மகனும் அம்மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்துவருவது போன்ற தோற்றம் அமையவேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறிவிட்டது. ஆனால் எழுநூறு ஆண்டு பழைமையுடைய கட்டடம், நூறு ஆண்டு கடந்த சிலைக்கு நாடகத் திரைச்சீலையாகிவிட்டது. வருவோர் வில்லியம் டெல்லைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர்.

இது சிற்பத்தின் குறையன்று. சிற்பம் கம்பீரமாகவே இருக்கிறது. டெல் கதைக்கு உலகமெங்கும் நேர்ந்த ஒரு குறையை அச்சதுக்கம் கண்ணெதிரே காட்டுகிறது. அக்கதையில் ஒரு கோபுரம் உண்டு. அக்கோபுரத்தைக் கட்டியவர்களும் உண்டு. பள்ளிக்கூடங்களில் கதையைக் கேட்டு வளர்ந்தோர் அவர்களை அறியார்.

ஆப்பிளும் அம்பும்

கதை பலரும் அறிந்ததே. கெஸ்லர் என்னும் கொடிய அதிகாரி ஆல்ட்டார்ஃபில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் தன் தொப்பியை மாட்டி, போவோர் வருவோர் எல்லாரும் அதை வணங்கவேண்டும் என்று ஆணையிட்டான். டெல் வணங்கவில்லை. தண்டனையாக அவன் மகன் தலையில் ஆப்பிளை வைத்து, அதை அம்பெய்து வீழ்த்தும்படி அதிகாரி கட்டளையிட்டான். டெல் குறி தவறாமல் எய்தான். இரண்டாவது அம்பு எதற்கு என்று கேட்டபோது, மகனுக்கு ஊறு நேர்ந்திருந்தால் அது அதிகாரிக்கு உரியதாயிருந்திருக்கும் என்றான். சிறைப்பட்டான், ஏரியில் புயல் எழ, படகிலிருந்து பாறைமேல் தாவித் தப்பினான், பின்பு மலையிடுக்குப் பாதையில் காத்திருந்து கெஸ்லரைக் கொன்றான்.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் இதைப் பரப்பிய நூல்களுள் குறிப்பிடத்தக்கது ஜேம்ஸ் பால்ட்வின் 1896ஆம் ஆண்டு வெளியிட்ட ஐம்பது கதைகளின் தொகுப்பு. சிறுவர்க்கு எளிதில் விளங்கும் நடை. ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் கதை. அதில் கம்பம் இருக்கிறது, தொப்பி இருக்கிறது, ஆப்பிள் இருக்கிறது. முடிவில், டெல் ஓர் அம்பினால் கொடுங்கோலனைக் கொன்று நாட்டுக்கு விடுதலை தந்தான் என ஒரு பழங்கதை கூறுவதாகச் சொல்லி ஆசிரியர் முடித்துவிடுகிறார். ஓர் அம்பு, ஒரு விடுதலை. இப்படித்தான் மாணவர் நெஞ்சில் அது பதிந்தது. அந்நூலை மட்டும் குறைகூறுவதற்கில்லை. கதையைக் கேட்ட சிறுவன் 'ஆப்பிள் விழுந்ததா, இல்லையா' என்றுதான் முதலில் கேட்பான். நூலாசிரியர் அதற்கு விடை சொன்னார். ஆனால் கதையை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், விற்போட்டியில் வென்ற ஒருவனைப் பற்றிய கதையாக அது சுருங்கிவிடுகிறது.

ஆவணங்கள் சொல்வது

டெல் வாழ்ந்தானா என்ற வினாவை முதலில் முடித்துவிடுவது நல்லது. 853ஆம் ஆண்டு ஜெர்மானிய மன்னர் லூயி ஊரி நிலத்தைச் சூரிக் நகரின் பெண்துறவியர் மடத்துக்கு அளித்தார். 1231ஆம் ஆண்டு என்றி மன்னர் ஊரி மக்களை இடைப்பட்ட பிரபுக்களின் பிடியிலிருந்து நீக்கி, நேரே பேரரசுக்கு உட்பட்டோராக்கும் பட்டயம் வழங்கினார். 1291ஆம் ஆண்டு ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் ஆகிய மூன்று பள்ளத்தாக்கினரும் ஒருவர்க்கொருவர் துணைநிற்பதாக லத்தீன் மொழியில் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். பதவியை விலைக்கு வாங்கியவரையும் வெளியூராரையும் நீதிபதியாக ஏற்கமாட்டோம் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அந்த ஓலை இன்றும் ஷ்வீஸ் நகரில் இருக்கிறது. அதில் டெல் என்ற பெயரும் இல்லை. கெஸ்லர் என்ற பெயரும் இல்லை.

டெல் கதை முதன்முதலாக எழுத்தில் வருவது 1470ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட 'சார்னன் வெள்ளைப் புத்தகம்' என்னும் ஆவணத் தொகுப்பில். நிகழ்ச்சி 1307ஆம் ஆண்டில் நடந்ததாகப் பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எகிடியஸ் சூடி நாள்குறித்தார். அதாவது, நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் முதல் எழுத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. போதாததற்கு, 1200ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கில் சாக்சோ கிராமட்டிக்கஸ் எழுதிய வரலாற்றிலேயே இதே கதை வந்துவிட்டது. அங்கே வில்லாளியின் பெயர் டோக்கோ; அரசன் பெயர் ஹரால்டு. மகன் தலையில் ஆப்பிளும் உண்டு. தூணியில் எஞ்சிய அம்புகளைப் பற்றிய கேள்வியும் பதிலும் உண்டு.

1760ஆம் ஆண்டு பெர்ன் நாட்டுப் போதகர் பிராய்டன்பெர்கர் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டி, டெல் கதை டென்மார்க்கிலிருந்து வந்த கட்டுக்கதை என்று பெயர் போடாமல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஊரி அரசினர் அந்நூலை ஆல்ட்டார்ஃபில் பலர் காண எரித்தனர். தொப்பியை வணங்க மறுத்தவனின் கதை அது. அக்கதையைக் கேள்வி கேட்டவரின் நூலுக்கு நேர்ந்தது நெருப்பு! டெல்லின் பெயரால் இன்னொரு தொப்பியைக் கம்பத்தில் ஏற்றியவர்கள் தாங்கள் செய்தது இன்னதென அன்று உணர்ந்திருக்கமாட்டார்கள்.

மற்றொரு மரபும் ஆய்வில் தளர்ந்துவிட்டது. மூன்று பள்ளத்தாக்கு மக்களும் ஒரே காலத்தில் கிளர்ந்தெழுந்து பிரபுக்களின் கோட்டைகளையெல்லாம் தகர்த்தனர் என்பது அது. அகழ்ந்து பார்த்த தொல்லியலார், அக்கோட்டைகள் வெவ்வேறு காலங்களில் கைவிடப்பட்டவை என்று கண்டனர். ஆல்ட்டார்ஃப் கோபுரமே இதற்கு எளிய சான்று. பிரபுக்களின் காலத்து மாடம் ஒன்று இடிபடாமல் ஊர் நடுவில் நின்று, பிற்காலத்தார் டெல்லைக் கொண்டாடுவதற்குச் சுவர் கொடுத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் டெல் கதையைத் தள்ளிவிடலாமா? வரலாற்று வகுப்பில் தள்ளத்தான் வேண்டும். இலக்கிய வகுப்பில் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அதற்குக் காரணம் ஷில்லர்.

காணாத ஊரை எழுதியவர்

பிரெட்ரிக் ஷில்லர் சுவிட்சர்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை. மூன்று முறை அந்நாட்டுக்குச் சென்றுவந்தவர் அவருடைய நண்பர் கெத்தே. 1797ஆம் ஆண்டுப் பயணத்தின்போது டெல்லைப் பற்றி ஒரு காப்பியம் இயற்ற எண்ணிய கெத்தே, பிறகு அப்பொருளை நண்பருக்கு விட்டுக்கொடுத்தார். ஷில்லர் முன்னாளில் ஜேனா பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். சூடியின் வரலாற்றையும் யோகான்னஸ் பொன் முல்லரின் நூலையும் ஆழ்ந்து கற்று, வைமார் நகரில் இருந்தபடியே 'வில்லியம் டெல்' நாடகத்தை எழுதி முடித்தார். 1804 மார்ச் 17ஆம் நாள் வைமாரில் அது அரங்கேறியது. அடுத்த ஆண்டு மே மாதம் ஆசிரியர் மறைந்தார். அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசி நாடகம் அது.

நாடகத்தின் முதல் அங்கத்து மூன்றாம் காட்சியில்தான் ஆல்ட்டார்ஃப் முதலில் வருகிறது. திரை விலகியதும் அவையோர் காண்பது ஆப்பிளையன்று, கம்பத்தையுமன்று. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோட்டை. சாரங்கள் நிற்கின்றன. மேலே கூரை வேலை நடக்கிறது. கீழே கல்தச்சனும் அவன் துணையாட்களும் கல்லும் சுண்ணாம்பும் சுமக்கின்றனர். கையில் கோலுடன் ஒருவன் அவர்களை விரட்டுகிறான். களைத்து விழும் கிழவன் ஒருவனையும் அவன் விடுவதில்லை. சுற்றியுள்ளோர் இரக்கம் காட்டும்படி கேட்டால், தன் வேலையைத்தான் தான் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறான். கோட்டைக்கு என்ன பெயர் என்று ஆட்கள் கேட்கின்றனர். 'ஊரியை ஒடுக்குவது' என்னும் பொருள்படும் பெயரை அவன் சொல்கிறான். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சுற்றி நிற்கும் மலைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அல்லரோ? அம்மலைகளின் முன்னே இது எம்மாத்திரம்! ஆனால் சிரித்துவிட்டு அவர்கள் மீண்டும் சுமக்கத்தான் வேண்டும். தம்மை அடைக்கப்போகும் சிறையைத் தம் கையாலேயே கட்டுகிறார்கள். இந்த வேலைக்கு உதவிய சுத்தியலை ஏரியின் ஆழத்தில் எறிந்துவிட வேண்டும் என்று கல்தச்சன் மனம் வெதும்புகிறான்.

இந்தக் கோல்பிடித்தவனுக்கு ஷில்லர் தரும் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? பிரபுக்களுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பை வாங்குபவன் என்பது ஜெர்மன் சொல்லின் பொருள். 'மேற்பார்வையாளன்' என்றால் பல்லில்லாத சொல்லாகிவிடும். மலேயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்குக் 'கங்காணி' என்ற சொல் உடனே நாவில் வரும்; காட்சியின் சூடும் அதில் இருக்கிறது. எனினும் அது முழுவதும் பொருந்தாது. கங்காணி ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவன். பல வேளைகளில் அவர்களுக்கு உறவினனும் ஆவான். ஷில்லரின் கோல்பிடித்தவனுக்கு அந்த உறவும் இல்லை, அந்தப் பொறுப்பும் இல்லை. 'ஊழிய அதிகாரி' என்பது ஓரளவு நெருங்கி வரும். திருவிதாங்கூரில் ஊழியம் என்ற சொல்லுக்கு இருந்த பழைய கசப்பை அறிந்தவர் அதன் பொருத்தத்தை உணர்வர். இச்சிறு சொல்லில் இவ்வளவு நேரம் நிற்பது வீணன்று. கெஸ்லர் என்ற ஒருவன் கொடியவன் என்பதோடு ஷில்லர் நின்றுவிடவில்லை. கொடுமை எத்தனை கைகள் வழியாக இறங்கி வருகிறது என்பதையும், கடைசிக் கையில் உள்ளவன் தன்னைக் கொடியவன் என்றே நினைப்பதில்லை என்பதையும் இந்தச் சிறு பாத்திரத்தில் காட்டிவிடுகிறார்.

தொப்பி ஏந்திய கம்பத்துடன் பறையறைவோர் நுழைவதும் இதே காட்சியில்தான். கோட்டையும் தொப்பியும் ஒன்றாக வருகின்றன. உடலை ஒடுக்க ஒன்று, உள்ளத்தை ஒடுக்க மற்றொன்று. பள்ளிக் கதைகள் தொப்பியை வைத்துக்கொண்டு கோட்டையை விட்டுவிட்டன. அதனால் தொப்பி வெறும் கிறுக்கனின் விளையாட்டாகத் தெரிகிறது.

டெல்லும் அங்கே வருகிறான். அவன் என்ன செய்கிறான்? உடன்வந்த ஷ்டவ்பாகர் அக்கோட்டையைக் கண்டு நெஞ்சு நோகிறார். டெல்லோ அங்கே நிற்பது நல்லதன்று, போய்விடுவோம் என்கிறான். கட்டியது எதுவும் இடிபடக்கூடியதே என்று போகிறபோக்கில் சொல்லி, மலைகளைச் சுட்டிக்காட்டுகிறான். கூடிப் பேசுவதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. செயல் வேண்டியபோது கூப்பிட்டால் வருவதாகச் சொல்கிறான். பின்னர் மூன்று நிலத்தாரும் ரூட்லிப் புல்வெளியில் நள்ளிரவில் கூடி ஆணையிடும்போதும் அவன் அங்கே இல்லை.

காட்சி ஒரு சாவோடு முடிகிறது. கூரைவேய்வோன் ஒருவன் மேலிருந்து விழுந்து இறக்கிறான். பெர்த்தா என்னும் செல்வச் சீமாட்டி ஓடிவந்து, தன் பொன்னணிகளை எறிந்து அவனைக் காப்பாற்றும்படி வேண்டுகிறாள். நல்லவள்தான். ஆனால் கல்தச்சன் அவள்மேல் சீறுகிறான். ஒருவனை அவன் மனைவி மக்களிடமிருந்து பிரித்துவிட்டு, பொன்னைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றெண்ணும் மேன்மக்களின் மனத்தை அவன் மன்னிப்பதில்லை. இந்நாடகத்திலேயே மிகக் கூர்மையான சொல் ஒரு பெயரில்லாத தொழிலாளியின் வாயிலிருந்து வருகிறது.

ஊராரின் சூழ்ச்சி

மூன்றாம் அங்கத்தில் வரும் ஆப்பிள் காட்சியும் பள்ளிக் கதையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. தொப்பிக்குக் காவல் நிற்கும் இரு வீரர்களுக்குப் பொழுது போகவில்லை. காரணம், ஊரார் யாரும் அவ்வழி வருவதில்லை. வணங்க நேரும் என்று சுற்றுவழியாகப் போய்விடுகின்றனர். பாதிரியார் ஒருநாள் திருவிருந்துப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு கம்பத்தின் அருகில் வந்து நின்றுவிட்டார். கூட்டமெல்லாம் மண்டியிட்டது, தொப்பிக்கன்று! எளிய மக்கள் ஆணையை மீறாமலே மீறும் இக்கலையை ஷில்லர் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

டெல் மட்டும் இத்தனை எச்சரிக்கையும் இல்லாமல் மகனுடன் நேரே வருகிறான். மகன் தொப்பியைக் காட்டியபோது, அதனால் நமக்கென்ன என்று நடக்கிறான். பிடிபட்டதும் கெஸ்லரிடம், வேண்டுமென்று அவமதிக்கவில்லை, நினைவின்றி நேர்ந்தது என்று மன்னிப்பே கேட்கிறான். பள்ளிக் கதையில் வரும் நிமிர்ந்த மறுப்பு இங்கே இல்லை. சிலர் இதை நாடகத்தின் தளர்ச்சி என்பர். உண்மையில் இதுவே அதன் வலிமை. ஒதுங்கி வாழ நினைத்தவனையும் கொடுமை ஒதுங்கவிடுவதில்லை. கோட்டையைக் கண்டு முகம் திருப்பிச் சென்றவன், தன் மகன் தலையில் ஆப்பிளைக் கண்டபின்தான் திரும்புகிறான்.

குறைகள் இல்லாமல் இல்லை. நான்காம் அங்கத்தில் மலையிடுக்கில் ஒளிந்திருக்கும் டெல் பேசும் தனிமொழி நீண்டு போகிறது. பேச்சுக்கு அஞ்சி ஒதுங்கிய வேட்டைக்காரன் வழக்கறிஞரைப் போல் தன் கொலைக்கு நியாயம் அடுக்குகிறான். பெர்த்தாவுக்கும் ரூடன்சு என்னும் இளைஞனுக்கும் இடையிலான காதல், நாடகத்துக்கு ஒரு காதல் வேண்டும் என்பதற்காகச் சேர்த்ததாகவே படுகிறது. கடைசிக்கு முந்திய காட்சியில், தன் பெரியப்பனாகிய ஆல்பிரெக்ட் மன்னனைக் கொன்ற யோகான் கோமகன் டெல்லிடம் அடைக்கலம் தேடி வருகிறான். அக்கொலை 1308 மே முதல் நாள் நடந்த வரலாற்று நிகழ்ச்சி. பேராசையால் கொன்றவன் வேறு, குடும்பத்தைக் காக்கக் கொன்றவன் வேறு என்று காட்டுவதற்காக ஷில்லர் இருவரையும் நேர்நிறுத்தினார். அந்த வேறுபாடு அவையோருக்கு முன்பே தெரியும். ஆசிரியருக்குத்தான் ஐயம் தீரவில்லை போலும். அரங்குகளில் இக்காட்சியைப் பலமுறை வெட்டிவிட்டே நடித்திருக்கின்றனர்.

இடிப்பவர் யார்

வெட்டுவோர் ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியிலும் கைவைக்கும்போதுதான் பெருங்கேடு நேர்கிறது. மீண்டும் ஆல்ட்டார்ஃப். மீண்டும் அதே கோட்டை, அதே சாரங்கள். மலையுச்சிகளில் விடுதலைத் தீ எரிகிறது. பெரியவர் வால்ட்டர் பியூர்ஸ்ட், மற்ற இரு நிலங்களிலிருந்தும் செய்தி வரட்டும், பொறுத்திருப்போம் என்கிறார். மக்கள் பொறுக்கவில்லை. முன்னின்று அழைப்பவன் யார்? முதல் அங்கத்தில் சுத்தியலைச் சபித்த அதே கல்தச்சன்! கட்டிய கைக்கு இடிக்கும் முறையும் தெரியும் என்ற துணிவோடு தோழர்களைக் கூட்டிக்கொண்டு போகிறான். நான்கு அங்கங்களுக்கு முன் டெல் எறிந்துவிட்டுப் போன சொல்லைச் செயலாக்குகிறவன் இவனே. அந்த நேரத்தில் டெல் அங்கே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருக்கிறான்.

ஷில்லர் இதைத் தற்செயலாக அமைத்திருக்க முடியாது. கெஸ்லரை டெல் கொன்றான். கோட்டையை ஊரார் இடித்தனர். முன்னது நடந்து பின்னது நடவாதிருந்தால், அடுத்த அதிகாரி அக்கோட்டைக்கே குடிவந்திருப்பான். பால்ட்வினின் கதையில் விடுதலை அம்பிலிருந்து வருகிறது. ஷில்லரின் நாடகத்தில் அது பாதி வழிதான். சிறுவர்கள் கம்பத்துத் தொப்பியைத் தூக்கிவருகின்றனர். சிலர் எரிக்கச் சொல்கின்றனர். பியூர்ஸ்ட் தடுத்து, விடுதலையின் சின்னமாக அது இருக்கட்டும் என்கிறார். அறிவுடைய முடிவு, 1760இல் நூலெரித்தவர்களுக்கு அந்த முடிவு தோன்றவில்லை, அவர்களுக்கு இந்நாடகம் அன்று கிடைத்திருக்கவுமில்லை.

இந்நாடகத்தின் வலிமையை அதை விரும்பியவரைவிட அஞ்சியவர் நன்கு அறிந்திருந்தனர். ஜெர்மனியில் இட்லர் ஆட்சியின் தொடக்கத்தில் இதைத் தங்கள் நாடகமென்றே கொண்டாடினர். 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் இட்லரே ஆணையிட்டு, அரங்கிலும் நடிக்கலாகாது, பள்ளியிலும் கற்பிக்கலாகாது என்று தடுத்துவிட்டார். கிழக்கே, பிலிப்பீன்சின் ஹோசே ரிசால் ஜெர்மனியில் இருந்த காலத்தில், 1886ஆம் ஆண்டு, இந்நாடகத்தைத் தம் தாய்மொழியான தகலாகில் பெயர்த்தார். பத்தாண்டு கழித்து, 1896 டிசம்பர் 30ஆம் நாள், ஸ்பானிய ஆட்சியினர் அவரைச் சுட்டுக்கொன்றனர். கதையை வெறும் குறிபார்க்கும் கதையாக அவர் படித்திருக்கமாட்டார்.

சுவிட்சர்லாந்தின் எழுத்தாளர் மாக்ஸ் பிரிஷ் 1971ஆம் ஆண்டு 'பள்ளிக்கூடத்துக்கான வில்லியம் டெல்' என்று ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அதிகாரி கொடியவன் அல்லன். மலைகளைக் கண்டாலே சலிப்படையும், உடல்நலம் குன்றிய, பருத்த மனிதர். டெல் முரட்டு மலைநாட்டான். அடிக்குறிப்புகள் நிறைந்த அந்நூலைப் படித்துத் தேசபக்தர் பலர் சினந்தனர். பிரிஷ் செய்தது தேவையான வேலை. சிலையின்மேல் படிந்த பாசியைச் சுரண்டினார். ஆனால் அவரும் வீரனையும் அதிகாரியையும் இடம் மாற்றி வைத்தாரேயன்றி, கதையின் நடுவிடத்தை அவ்விருவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. அந்த அளவில் அவர் கிண்டல் செய்த பள்ளிக் கதைக்கும் அவர் நூலுக்கும் தூரம் அதிகமில்லை.

டெல் கதையைச் சொல்லும் ஆசிரியர்க்கு ஒரு காரியம் எளிது. ஆப்பிள் காட்சியைச் சொல்லும் முன், கோட்டை கட்டும் காட்சியைச் சொல்லிவிடலாம். மாணவருக்கு நடிக்கக் கொடுத்தால், டெல்லாக நடிக்கத்தான் எல்லாரும் கை தூக்குவர். கல்தச்சன் வேடம் வகுப்பில் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கே போகவேண்டும். நாடகத்தில் கடினமான வரிகள் அவனுடையவை. பெர்த்தாவை அவன் கடிந்துகொள்ளும் இடத்தில் மாணவர் இரு பக்கமும் பேசுவர், பேசட்டும். நடந்த வரலாறா என்று யாரேனும் கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லிவிட்டு, டோக்கோவின் கதையையும் சொல்லலாம்.

ஊரி ஏரியிலிருந்து எழும் உயர்ந்த பாறை ஒன்றில், டெல்லைப் பாடியவர்க்கு மூலநிலத்தார் அளித்தது என்னும் கருத்தில் ஷில்லரின் பெயரையும் 1859 என்ற ஆண்டையும் பொறித்துள்ளனர். அவர் பிறந்த நூறாம் ஆண்டு அது. கண்ணால் காணாத கவிஞருக்கு அந்நிலம் செலுத்திய நன்றி. ஆல்ட்டார்ஃபில் 1899ஆம் ஆண்டு இந்நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் எழுந்தது. அங்கே நடிப்போர் கூலிக்கு வந்த நடிகர் அல்லர், ஊராரே. அன்றாடம் தத்தம் தொழில் பார்ப்போர், நாடகம் போடும் பருவத்தில் கல் சுமப்போராகவும் காவலராகவும் மாறுகின்றனர். முதல் அங்கத்தில் கோட்டையைக் கட்டி, ஐந்தாம் அங்கத்தில் அதை இடித்துவிட்டு, வேடம் கலைத்து, இடிபடாத பழைய கோபுரம் நிற்கும் அதே ஊரின் தெருக்களில் வீட்டுக்கு நடந்து போகின்றனர்.